இறுகிப்போன போல்ட், உருண்டுபோன தலை: முதல்முறை கியர்பாக்ஸ் இறக்குபவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய புரோட்டோன் வீரா, சாகா, பெரோடுவா கன்சில் எல்லாம் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக்குப் போக வர, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட, ஞாயிற்றுக்கிழமை ஈப்போ வரை ஒரு சுற்று போய்வர இந்த வண்டிகள் போதும். கிளட்ச் தேய்ந்ததும், கையில் கொஞ்சம் சாமானும் மனசில் ஆசையும் உள்ள இளைஞர்கள் தாங்களே இறக்கிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறார்கள். நல்ல விஷயம். கிளட்ச் மாற்றுவதில் ஒளிந்திருக்கும் வித்தை ஒன்றும் இல்லை. டிரைவ் ஷாப்டை உருவு, கியர்பாக்ஸை இறக்கு, தட்டை மாற்று, திரும்ப ஏற்று, அவ்வளவுதான். ஆனால் வீடியோவில் காட்டுகிற வண்டியில் எல்லா போல்ட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். நம் வீட்டு முன்னால் நிற்கிற வண்டியில் பத்துக்கு ஒன்று கேட்காது. முதல்முறை இறங்குபவர் வேலையைப் பாதியில் விட்டு இழுவை லாரி கூப்பிடுவது அந்த ஒரு போல்ட்டால்தான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு போல்ட்டைப் பற்றி மட்டும். இதில் ஒன்றே ஒன்றை மனசில் வைத்தால் போதும்: சாக்கெட் ஒருதடவை வழுக்கினால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் போல்ட் தலையில் இன்னும் முக்கால்வாசி விளிம்பு பாக்கி இருக்கும். கோபத்தில் இரண்டாவது, மூன்றாவது முறை இழுக்கும்போதுதான் அது உருண்டையாகும்.

ஏன் இப்படி இறுகுகிறது

துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். மரைக்கு நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளிக்குள் அது வளரும்போது போல்ட் தானாகவே நெருக்கப்படுகிறது. நம் ஊர் ஈரத்துக்கு இதுவே போதும். அதோடு, செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அடியில் சேறு அப்பி, காய்ந்து, அடுத்த மழையில் மறுபடி ஊறுகிறது. செம்பனைத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிய வண்டி என்றால் இன்னும் மோசம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உப்பு மாதிரியேதான் அது இரும்பை அரிக்கும். பழைய வண்டி வாங்கியிருந்தால் அது முன்பு என்ன வேலைக்கு ஓடியது என்று விசாரித்து வையுங்கள். பின்சீட்டில் உரம் ஏற்றிய கார் என்றால் கூடுதலாக ஒருநாள் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் அலுமினியம். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தண்ணீர் நின்றால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக மாறும். அந்தப் பொடி போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சிமெண்ட் போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது காரணம் மனிதர்கள். முன்னால் வேலை செய்தவர் இம்பெக்ட் கன்னால் (தட்டித் தட்டி முடுக்கும் மெஷின்) அளவில்லாமல் முடுக்கியிருப்பார், அல்லது தலையை ஏற்கெனவே பாதி உருட்டிவிட்டுப் போயிருப்பார்.

தொடங்குமுன்

போல்ட்டை எடுக்க முடியாமல் போனால் பணம் போகும். வண்டி மேலே விழுந்தால் உயிர் போகும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம் வேண்டும். வீடு கட்டும் கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்தாதீர்கள், ஓட்டை உள்ள சிமெண்ட் கல் எந்த அறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். லயத்து வாசல் மண்தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். மழை பெய்து மண் இளகினால் ஸ்டாண்ட் சாயும். நிறுத்தியதும் வண்டியை இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டினால் விழுகிற வண்டி நீங்கள் அடியில் இல்லாதபோதே விழட்டும். இறுகிய போல்ட்டை எடுக்கப்போகிறோம், அதாவது வண்டியைப் பலமாக இழுக்கப்போகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அடியில் படுத்துக்கொண்டு தட்டும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டுக்குப் போகும்போது ஸ்பேனர் வயரில் பட்டுப் பொறி பறப்பது இதனால் தவிரும்.

சாமான்களில் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: ஆறுமூலை சாக்கெட். கடையில் மலிவாகக் கிடைக்கும் செட்டில் பெரும்பாலும் பன்னிரண்டு மூலை சாக்கெட் இருக்கும். அது போல்ட் தலையின் மூலைகளை மட்டும் பிடிக்கும். ஆறுமூலை சாக்கெட் தலையின் பக்கவாட்டு முகங்களைப் பிடிக்கும், அதனால் வழுக்காது. முழு செட் வாங்கப் பணமில்லை என்றால் 10, 12, 14, 17, 19 ஆகிய ஐந்தை மட்டும் ஆறுமூலையில் நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றோடு ஒரு நீளமான பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டி இழுக்கும் கம்பி), கம்பி பிரஷ், ஒரு கிலோ சுத்தியல், வைஸ் கிரிப் பிளையர் (பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் பிளையர்), துரு இளக்கும் எண்ணெய். மற்றவை தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அளவு சரியா என்று பாருங்கள்

தலை உருளுவதற்கு முதல் காரணம் தவறான சாக்கெட். வீரா, பழைய சாகா இரண்டும் மிட்சுபிஷி வழி வந்தவை; கன்சில், மைவி டைஹாட்சு வழி. இந்த ஜப்பானிய வழி வண்டிகளில் 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14, 12 மி.மீ. போல்ட்டுக்கு 17 என்று வரும். ஐரோப்பிய வண்டியில் 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13. யாராவது ஹார்ட்வேர் கடை போல்ட்டை மாற்றிப் போட்டிருந்தால் உங்கள் வண்டியிலும் 13 இருக்கலாம்.

தோட்டத்துப் பழைய பட்டறைச் சாமான் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டிராக்டருக்கும் பழைய லேண்ட் ரோவருக்கும் வாங்கிய சாக்கெட்டுகள் இஞ்ச் அளவில் இருக்கும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 12 தலையில் மாட்டினால் உட்காரும், லேசாக ஆடும், பலமாக இழுத்ததும் உருட்டிவிடும். பதினாறில் ஒன்பது இஞ்ச் என்பது 14.3 மி.மீ.; 14 தலையில் சரியாக உட்கார்ந்த மாதிரியே ஏமாற்றும். தாத்தா காலத்துச் சாமான் உறுதியானதுதான், ஆனால் சாக்கெட்டின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

மாட்டுமுன் தலையைச் சுற்றியுள்ள சேற்றையும் துருவையும் கம்பி பிரஷால் சுரண்டி எடுக்க வேண்டும். தலையின் அடிவரை சாக்கெட் இறங்க வேண்டும். கீழ்ப்பக்கத்து பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் இஞ்சினோடு சேரும் இடத்துக் கூடு) போல்ட்டில் சேறு காய்ந்து தலையின் பாதி உயரம்வரை மூடியிருக்கும். அதன்மேலேயே சாக்கெட்டை வைத்து இழுப்பவர்கள் தலையின் மேல்பாதியை மட்டும் பிடித்து இழுக்கிறார்கள். அது உருளாமல் என்ன செய்யும்? ஒரு பழைய ஸ்குரூடிரைவரால் சேற்றைக் கிளறி, பிரஷ் போட்டு, சாக்கெட்டை வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு. ‘டக்’ என்று கடைசிவரை உட்கார்ந்த சத்தம் கேட்கும். அப்புறம் இழுங்கள்.

இன்னொன்று, திசை. அடியில் படுத்துக்கொண்டு, அல்லது இஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு வேலை செய்யும்போது எந்தப் பக்கம் கழலும் என்பது குழம்பிவிடும். தலையை நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். சந்தேகம் இருந்தால் கையில் ஒரு உதிரி போல்ட்டை அதே பக்கமாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கழற்றுவதாக நினைத்து முடுக்கியே உடைத்த போல்ட்டுகள் ஏராளம்.

எண்ணெய், அப்புறம் பொறுமை

டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும். அது தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பெயரே அதைத்தான் குறிக்கிறது. லேசான இறுக்கத்துக்கு உதவும். உண்மையில் துரு பிடித்த போல்ட்டுக்கு, துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் வாங்குங்கள். வீட்டிலேயே கலப்பதானால் சிவப்பு நிற ஆட்டோ கியர் எண்ணெயும் அசிட்டோனும் சமபங்கு கலந்து ஊற்றலாம், நன்றாக வேலை செய்யும். இரண்டும் தனித்தனியே பிரியும் என்பதால் ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அது காயும்வரை பக்கத்தில் சிகரெட், கேஸ் டார்ச் எதுவும் கூடாது.

சனிக்கிழமை வேலை என்றால் வியாழக்கிழமை இரவே எண்ணெய் அடிக்கத் தொடங்குங்கள். மழை நின்ற நேரமாகப் பார்த்துப் பிரஷ் போட்டு, ஒவ்வொரு போல்ட்டின் தலையடியிலும் அடிக்கவும். போல்ட்டின் மறுமுனை வெளியே தெரிந்தால் அங்கேயும் அடிக்கவும். மரைக்குள் போக அதுதான் குறுக்கு வழி. அடித்தபின் போல்ட் தலையைச் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய வெடிப்புகள் விழும், எண்ணெய் உள்ளே இறங்கும். வெள்ளிக்கிழமை காலை, இரவு என்று மறுபடியும் இதையே செய்யுங்கள். அடித்துவிட்டு அஞ்சு நிமிடத்தில் ஸ்பேனரைத் தூக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

இழுக்கும் முறை

முதலில் முடுக்கும் பக்கம் ஒரு சின்ன அழுத்தம் கொடுங்கள். ‘கிர்’ என்று ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும், துருவின் பிடி உடைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் நிறுத்தி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே அரைவாசி முடுக்கி, மறுபடி வெளியே. இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். நகர்ந்துவிட்டதே என்று ஒரேயடியாகக் கழற்றினால் உதிர்ந்த துரு மரையில் சிக்கி, பாதியில் மறுபடி இறுகிவிடும்.

பிரேக்கர் பாரில் குழாய் மாட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 8.8 தரத்து 8 மி.மீ. போல்ட்டை முடுக்கும் அளவு சுமார் 25 நியூட்டன் மீட்டர். 60 செ.மீ. நீளக் குழாயின் முனையில் 20 கிலோ எடைக்குச் சமமாக நீங்கள் இழுத்தால் அங்கே கிட்டத்தட்ட 118 நியூட்டன் மீட்டர் விழுகிறது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்தச் சின்ன போல்ட் முறியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதனால் 12 தலைக்கும் அதற்குக் கீழும் குழாய் கிடையாது என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். 17 தலைக்கும் அதற்கு மேலும் குழாய் போடலாம்.

டிரைவ் ஷாப்ட் நடுநட் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்) தனிக்கதை. அது ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கப்பட்டிருக்கும், நீளக் குழாய் தேவைதான். முதலில் அதன் ஸ்பிளிட் பின்னை உருவுங்கள். சில வண்டிகளில் பின்னுக்குப் பதில் நட்டின் விளிம்பை உள்ளே தட்டி மடக்கியிருப்பார்கள், அதை உளியால் நிமிர்த்த வேண்டும். வண்டி தரையில், சக்கரம் மாட்டியபடி நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க இந்த நட்டை இளக்கிவிட வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றியபின் இதை இழுக்கப்போவது ஆபத்து.

கியர் எண்ணெய் மூடிக்கும் ஒரு வார்த்தை. அடியில் உள்ள வடிகால் மூடியைத் தொடும் முன், பக்கத்தில் உள்ள ஊற்றும் மூடி கழலுகிறதா என்று பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்றும் மூடி கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். வடித்த எண்ணெயைக் கால்வாயில் விடாதீர்கள். டின்னில் பிடித்து, பழைய எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சூடு

எண்ணெயும் தட்டலும் பலிக்கவில்லை என்றால் சூடு. இதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய ஆயுதம், முதல்முறை செய்பவர்கள் பயந்து ஒதுக்குவதும் இதைத்தான். கையில் பிடிக்கும் கேஸ் டார்ச் போதும்.

அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும். எஃகு போல்ட் அலுமினியக் கூட்டுக்குள் இருந்தால், போல்ட்டைச் சுற்றியுள்ள கூட்டைச் சூடாக்குங்கள். துளை பெரிதாகிப் பிடி தளரும். இரும்புக்குள் இரும்பு என்றால் போல்ட் தலையையே நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, பிறகு இழுங்கள். விரிந்து சுருங்குவதில் துரு உடையும். சூடாக இருக்கும்போது மரையின் ஓரத்தில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். எண்ணெய் போகாத இடத்துக்கும் அது போகும். ஃப்ளைவீல் (கிளட்ச் உட்காரும் கனமான சக்கரம்) போல்ட் மாதிரி, தானாகக் கழலாமல் இருக்க மரைப்பசை போட்ட போல்ட் என்றால் 250 டிகிரி வாக்கில் பசை இளகும், ஆறும் முன்பே கழற்றிவிட வேண்டும்.

இதில் உள்ள ஆபத்துகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரும்பு அதிகம் சூடானால் சிவந்து காட்டும். அலுமினியம் அப்படிக் காட்டாது. நிறம் மாறாமலேயே இருந்து திடீரென்று இளகி விழும். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கியர்பாக்ஸ் கூட்டின் கலவை அதற்கும் முன்பே. தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ‘சுர்’ என்று ஆவியானால் முதல் முயற்சிக்கு அந்தச் சூடு போதும். பக்கத்தில் எண்ணெய் சீல், டிரைவ் ஷாப்ட் ரப்பர் உறை, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எது இருந்தாலும் டார்ச் வேண்டாம். முன்பு அடித்த எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டே தீயைக் காட்டுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயே காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகை சூடானால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். வாளி நிறைய மணலோ, தீயணைப்பு டின்னோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தலை உருண்டுவிட்டால்

சரி, சாக்கெட் வழுக்கிவிட்டது. பதற வேண்டாம். ஒரு அளவு சின்ன ஆறுமூலை சாக்கெட்டை எடுத்து, சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். உருண்ட 14 தலைக்கு 13. உருண்ட 12 தலைக்கு 11. இந்த இடத்தில் மட்டும் தாத்தாவின் இஞ்ச் சாக்கெட்டுகள் நமக்கு உதவும், இரண்டு மி.மீ. அளவுகளுக்கு நடுவில் விழுவதால் இறுக்கமாக ஏறும். அடித்து ஏற்றுவதே போல்ட்டுக்கு ஒரு நல்ல அதிர்ச்சி, பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உள்ளே சுருள் பல் வெட்டிய, தலை உருண்ட போல்ட்டுக்கென்றே விற்கும் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. இழுக்க இழுக்க அது மேலும் கடிக்கும்.

இடம் இருந்தால் வைஸ் கிரிப். ஆனால் அதை முழுப் பலத்தோடு, திருகாணியை முடுக்கி முடுக்கி, பூட்டும்போது உள்ளங்கை வலிக்கும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். லேசாகப் பிடித்துத் திருப்பினால் தலையில் மிச்சம் இருப்பதையும் வழித்துவிடும். உள்ளே ஆறுமூலைக் குழி உள்ள ஆலன் போல்ட் உருண்டால், சற்றுப் பெரிய நட்சத்திர பிட் ஒன்றை அடித்து இறக்கித் திருப்புங்கள். பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் குறுக்குக்கோடு ஸ்குரூவுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பெக்ட் டிரைவர்தான் வழி. சாதாரண ஸ்குரூடிரைவர் எடுத்தாலே உருண்டுவிடும்.

கிளட்ச் கவர் போல்ட்டின் தலை உருண்டால் அதிகம் போராடாதீர்கள். 8 மி.மீ. டிரில் பிட்டால் தலையின் நடுவில் துளைத்துக்கொண்டே போனால் தலை தனியே கழன்று விழும். கவர் எப்படியும் புதிதாக மாற்றப்போவதுதான். அதை உருவியபின் ஃப்ளைவீலில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும். தலை போனதும் அந்தக் குச்சியை இழுத்துப் பிடித்திருந்த விசையும் போய்விடுகிறது. பல சமயம் வைஸ் கிரிப்பால் பிடித்தால் எந்தப் பிடிவாதமும் இல்லாமல் சுற்றி வந்துவிடும். பெல் ஹவுசிங் போல்ட்டின் தலை முறிந்தாலும் இதே கதைதான். மற்ற போல்ட்டுகளை எடுத்து, கியர்பாக்ஸை நேராகப் பின்னுக்கு உருவினால், இஞ்சின் பக்கம் இரண்டு விரல் நீளத்துக்குக் குச்சி கிடைக்கும். தலை முறிந்த சத்தத்தில் மனசு உடைந்துபோகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: நிறைய நேரம் அது வேலையைச் சுலபமாக்கியிருக்கிறது.

மட்டத்தோடு மட்டமாக முறிந்தால்

குச்சி வெளியே நீளாமல், துளையின் வாயோடு முறிந்திருந்தால் நான் முதலில் சொல்வது வெல்டிங். நம் ஊரில் கேட், கிரில் அடிக்கும் வெல்டிங் கடை இல்லாத தெரு கிடையாது. கழற்றிய பாகத்தில் குச்சி இருந்தால் பாகத்தைக் கடைக்கே கொண்டுபோங்கள். இஞ்சினில் இருந்தால், தூக்கி வரக்கூடிய சின்ன இன்வெர்ட்டர் செட் உள்ளவரைக் கூப்பிட வேண்டும். “அண்ணே, முறிஞ்ச போல்ட்மேல ஒரு நட்டு வெச்சு வெல்டிங் போடணும், உள்ளுக்குள்ள நிரப்பிக் குடுங்க” என்று சொன்னால் போதும், பழகினவர்களுக்கு விளங்கிவிடும்.

அவரோடு நீங்களும் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. நட் முலாம் பூசாத கறுப்பு நட்டாக இருக்கட்டும். துத்தநாக முலாம் வெல்டிங்கில் புகைந்தால் அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலே வரும், பற்றும் சரியாகப் பிடிக்காது. போல்ட்டின் அதே அளவு நட்டோ, ஒரு அளவு பெரியதோ சரி. வீராவின் 4ஜி15 இஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு என்பதால் வெல்டிங் அதிலும் ஒட்டக்கூடும். ஒரு தட்டை வாஷரை முதலில் வைத்து அதன் ஓட்டை வழியாகக் குச்சியில் மட்டும் பற்று ஏற்றி, அப்புறம் அதன்மேல் நட்டை வைக்கச் சொல்லுங்கள். அலுமினியக் கூடு என்றால் இரும்புப் பற்று அதில் ஒட்டாது, ஆனால் தீப்பொறி மரையின் வாயைச் சுடாமல் பார்க்க வேண்டும். எர்த் கிளிப்பை முறிந்த போல்ட்டுக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். தூரத்தில் எங்கோ மாட்டினால் மின்சாரம் கியர்பாக்ஸ் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். பேட்டரி வயர் கழற்றியதோடு, ஈசியூ (இஞ்சினை இயக்கும் கணினி) உள்ள வண்டியில் அதன் பிளக்கையும் கழற்றி வைப்பது நல்லது.

பற்று போட்டதும் உடனே திருப்பாதீர்கள். சிவப்பு மறைந்து நட் கறுக்கும்வரை காத்திருங்கள். மெழுகுவத்தியைத் தொடுங்கள். பிறகு ஸ்பேனரை மாட்டி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசையுங்கள். முதல் நட் பிய்ந்து வந்தால் இரண்டாவதைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை சூடாவதும் நமக்கு லாபம்தான்.

டிரில் செய்து எடுப்பது அதற்கு அடுத்த வழி. முறிந்த முகத்தை அரத்தால் மட்டமாக்கி, சென்டர் பஞ்சால் சரியாக நடுவில் அடையாளம் போடுங்கள். இந்த ஒரு அடிக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். நடு தவறினால் துளை மரைக்குள் சாயும். 8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ.; மெதுவான வேகம், எண்ணெய், பலமான அழுத்தம். கோபால்ட் பிட் வாங்குங்கள். எதிர்ச்சுற்று டிரில் பிட் கிடைத்தால் இன்னும் சிறப்பு, துளைக்கும்போதே குச்சி கழன்று வருவது உண்டு. டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறை வேண்டாம். பிட்டில் சுற்றிக்கொண்டு விரலை இழுத்துவிடும்.

துளைக்குள் இடப்புரி எக்ஸ்ட்ராக்டரை அடித்துத் திருப்பும் முறையை எல்லா வீடியோவிலும் முதலாவதாகக் காட்டுவார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். ஆறுமூலை சாக்கெட்டுக்கும் சூட்டுக்கும் அசையாத போல்ட்டை, அதன் பாதி பருமன்கூட இல்லாத ஒரு மெல்லிய கம்பி அசைக்கும் என்று எப்படி நம்புவது? அது முறிந்தால் அதன் எஃகு அவ்வளவு கடினம், சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். அப்புறம் லேத் பட்டறைக்கு இஞ்சினையே கொண்டுபோக வேண்டிய நிலை. எக்ஸ்ட்ராக்டர் போட்டால் சூடும் சேர்த்துக் கொடுங்கள். கையில் அழுத்தம் ஏறி, எதுவும் நகரவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் முழுவதுமாகத் துளைத்து, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போடலாம். அலுமினியக் கூட்டில் இப்படிப் போட்ட மரை பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். போல்ட் நடுவில் சரியாகத் துளைத்து, பழைய மரை தப்பியிருந்தால் அதே மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்தால் போதும். 8 மி.மீ., 1.25 மரைக்கு (மரைக்கு மரை 1.25 மி.மீ. தூரம்) இப்படிப் பழைய மரையைக் காப்பாற்ற 6.8 மி.மீ. துளை. 10 மி.மீ. போல்ட் ஜப்பானிய வழி வண்டியில் பெரும்பாலும் 1.25 மரையில் வரும், அதற்கு 8.8 மி.மீ.; ஹார்ட்வேர் கடையில் சும்மா 10 மி.மீ. என்று கேட்டால் 1.5 மரையைக் கொடுத்துவிடுவார்கள். பழைய போல்ட்டையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

திரும்பப் பூட்டும்போது

உருண்ட, நீண்டுபோன, மரை கலங்கிய எந்தப் போல்ட்டையும் திரும்பப் போடாதீர்கள். தலையில் 8.8 என்றிருந்தால் 8.8, 10.9 என்றிருந்தால் 10.9. ஜப்பானிய போல்ட்டில் 7, 9 என்று ஒற்றை எண் இருக்கும். பளபளப்பாக இருக்கிறதே, துருவே பிடிக்காதே என்று சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் வாங்கி கியர்பாக்ஸில் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். சாதாரண சில்வர் போல்ட்டுக்கு 10.9 பலம் கிடையாது, அலுமினியத்தையும் அது எஃகைவிட வேகமாக அரிக்கவைக்கும்.

கழற்றிய போல்ட்டுகளைக் கலக்காமல் வைக்க, ஒரு அட்டையில் கியர்பாக்ஸின் வட்டத்தை வரைந்து, அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பெல் ஹவுசிங்கில் நீளங்கள் வேறுபடும். நீளமானது குட்டையான துளையில் போனால் கூடு வெடிக்கும். மரையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, மறுபடி இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பசை தடவிய போல்ட் அதே அளவு முடுக்கலில் கூடுதலாக இழுபடும் என்பதால் டார்க் ரெஞ்சில் (முடுக்கும் அளவை வைத்து முடுக்கும் ஸ்பேனர்) ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வைப்பது நல்லது. மரைப்பசை போட வேண்டிய ஃப்ளைவீல் போல்ட்டில் ஆன்டி-சீஸ் தடவவே கூடாது.

ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் வெறும் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் மரை குறுக்காகப் பிடிக்கிறது. வெளியே எடுத்து, நேராக வைத்து, மறுபடி. இம்பெக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். கியர்பாக்ஸ் முழுவதும் இஞ்சினோடு முகம் ஒட்டியபின்பே டார்க் ரெஞ்சை எடுங்கள்; நடுவில் இடைவெளி இருக்கும்போது போல்ட்டால் இழுத்து ஒட்டவைக்கப் பார்த்தால் கூட்டின் காது உடையும். டிரைவ் ஷாப்ட் நடுநட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போது முழு அளவுக்கு முடுக்கி, புதிய ஸ்பிளிட் பின் போடுங்கள். கோல கங்சார் வரை ஒருமுறை ஓட்டிவந்து, வண்டி ஆறியபின் சக்கர நட்டுகளையும் கியர்பாக்ஸ் மவுண்டிங் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள்.